பெண் குழந்தைக்குப் பெயர்: ஒலி, வேர், பொருள்

அத்தியாயம் 4

குழந்தை பிறந்த வீட்டில் பெயர்ப் பேச்சு எழாத நாள் இருக்காது. தாத்தா குலதெய்வத்தின் பெயரைச் சொல்வார். அத்தை, தான் ரசித்துப் படித்த நாவலின் நாயகியைச் சொல்வார். சோதிடர் எழுதிக் கொடுத்த எழுத்துகள் பூஜை அறையில் ஒரு சீட்டில் காத்திருக்கும். அப்பாவின் கைபேசியில் ஆயிரம் பெயர்கள் கொண்ட பட்டியல் திறந்தே கிடக்கும். எல்லாம் அன்பிலிருந்து வருபவைதான். ஆனால் பட்டியல் நீள நீள முடிவு தள்ளிப்போகிறது. கடைசியில் படிவத்தை நிரப்ப வேண்டிய அவசரத்தில் ஏதோ ஒன்று பெயராகிவிடுகிறது.

பெயரைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். அதைச் சொல்லிக்கொண்டும் எழுதிக்கொண்டும் கையெழுத்திட்டுக்கொண்டும் வாழப்போவது அவள். அதனால் ஒவ்வொரு பெயரையும் அவள் பக்கம் நின்று பார்க்க வேண்டும். நாள்தோறும் காதில் விழும் ஒலி எப்படி? அது எங்கிருந்து வந்தது? அதன் பொருளை அவளிடம் தயங்காமல் சொல்ல முடியுமா? இந்த அத்தியாயம் இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் எடுத்துக்கொள்கிறது. ஒலியை முதலில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பொருளை அவள் வாழ்நாளில் சிலமுறைதான் விளக்கப்போகிறாள். ஒலியை ஒவ்வொரு நாளும் கேட்கப்போகிறாள்.

அவசரப்பட வேண்டாம்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறப்பைப் பதிவதற்குப் பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க வழி இருக்கிறது.

அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் ஏறும் எழுத்துகள் அவள் கூடவே வரும். பின்னால் மாற்ற வேண்டுமானால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு, அதன் நகலோடு ஒவ்வோர் அலுவலகமாக அலைச்சல் என்று வேலை நீளும். ஆகவே முதல் சில வாரங்களை நிதானமாக யோசிப்பதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சூட்டும் நாளை 11, 16, 30 என்று உங்கள் குடும்ப வழக்கப்படியே வைத்துக்கொள்ளலாம். அத்தையோ தாய்மாமனோ குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லும் அந்தப் பெயர், அதற்கு முன்பே வீட்டில் பலமுறை சொல்லிப் பார்க்கப்பட்டதாக இருக்கட்டும்.

ஒலி: வாயில் வைத்துப் பாருங்கள்

பெயரைத் தாளில் படித்து முடிவெடுக்காதீர்கள். உரக்கக் கூப்பிடுங்கள். சமையலறையிலிருந்து வாசலுக்கு, மாடியிலிருந்து தெருவுக்கு, கொஞ்சலாக, கண்டிப்பாக, அவசரமாக என்று எல்லா விதத்திலும் கூப்பிட்டுப் பாருங்கள்.

*முடியும் ஒலி.* தமிழில் பெண்பெயர்கள் பெரும்பாலும் இகரத்திலோ (தேன்மொழி, வள்ளி, கண்ணகி), ஐகாரத்திலோ (கோதை, குந்தவை, தாமரை), ‘ஆள்’ என்றோ (ஆண்டாள், உமையாள், மீனாள்) முடியும். ஆகாரத்தில் முடியும் வடமொழிப் பெயர்களை நம் முன்னோர் ஐகாரமாக்கிக்கொண்டார்கள். சீதா சீதையானாள், ராதா ராதையானாள், கங்கா கங்கையானாள். இன்று ஆகாரம் திரும்ப வந்து, ‘ஓவியா’, ‘இனியா’ என்று தமிழ்ச் சொற்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எது சரி, எது தவறு என்ற வழக்கு இங்கே வேண்டாம். உங்கள் வீட்டுப் பேச்சில் அது என்னவாகும் என்று மட்டும் பாருங்கள். ஐகாரம் பேச்சில் குறுகும். கோதையைக் கூப்பிடும்போது ‘கோத’ என்றே வரும். மெய்யில் முடியும் கயல், மலர், எழில் ஆகியவை ‘கயலு’, ‘மலரு’, ‘எழிலு’ என்று உகரம் ஏற்கும். அந்த வடிவமும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதே கேள்வி.

*எழுத்தும் ஒலியும்.* தமிழில் ‘த’ ஒன்றே. வடமொழியில் அதற்கு நான்கு ஒலிகள். தமிழ் வேர் கொண்ட பெயர்களில் இது சிக்கலே இல்லை. குந்தவை என்று எழுதினால் முதல் ககரம் வல்லொலி, நகரத்தை அடுத்த தகரம் மெல்லொலி என்பது தமிழ் படித்த எவருக்கும் தானாக வரும். பாரதி, காயத்ரி, தீபா போன்றவை பிறமொழி ஒலியில் தொடங்கினாலும் பல தலைமுறைப் பழக்கத்தால் எவரும் பிழையாகப் படிப்பதில்லை. புதிய பெயர்களில்தான் தடுமாற்றம் வருகிறது. ‘தியா’ என்று வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்தால் ஆசிரியர் எந்த ஒலியில் படிப்பார்? பெயரைத் தமிழில் எழுதி, அதைக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதல் முறையே சரியாக வந்தால் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.

*ழகரம்.* யாழினி, கயல்விழி, பூங்குழலி, மகிழினி எல்லாம் ழகரம் கொண்டவை, அழகானவை. ஆனால் தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாகும். சென்னைப் பேச்சில் சிலர் வாயில் யகரமாகும். ஒரு நாளில் அதிகமுறை அழைக்கப்போகும் பாட்டியின் வாயில் யாழினி ‘யாளினி’ ஆகலாம். ஆங்கிலத்தில் ‘இசட்’டும் ‘எச்’சும் சேர்த்து எழுதும் வழக்கம் தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் புரியும், மற்றவர்கள் அந்த இரண்டு எழுத்தையும் தனித்தனியாக உச்சரிப்பார்கள். இதற்காக ழகரத்தைக் கைவிட வேண்டியதில்லை. தன் பெயரிலேயே ழகரம் உள்ள குழந்தை அதைத் திருத்தமாகச் சொல்லப் பழகும். குடும்பமும் கூடவே பழக வேண்டும் என்பது மட்டும் மனத்தில் இருக்கட்டும்.

*முன்னெழுத்து.* இது பலர் மறக்கும் சோதனை. அப்பாவின் முன்னெழுத்தையும் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். அப்பா சுந்தரம், மகள் மதி என்றால் ‘சு. மதி’ என்பது சுமதி என்றே படிக்கப்படும். அம்மாவின் முன்னெழுத்தையும் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் இரண்டையும் வைத்துப் பாருங்கள். கடவுச்சீட்டில் முன்னெழுத்து விரிந்து முழுப் பெயராகும். ‘தமிழ்ச்செல்வி பாலசுப்பிரமணியன்’ போன்ற நீண்ட பெயரை ஆங்கிலப் படிவத்தின் கட்டங்களில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

*சுருக்கம்.* நீங்கள் சுருக்காவிட்டாலும் பள்ளித் தோழிகள் சுருக்குவார்கள். கயல்விழி கயலாவாள், மீனாட்சி மீனா ஆவாள், பாக்கியலட்சுமி பாக்கியமோ லட்சுமியோ ஆவாள். சுருக்கப் பெயர் நன்றாக இல்லையென்றால் முழுப் பெயரையும் மறுபடி யோசியுங்கள்.

வேர்: பெயர் எங்கிருந்து வருகிறது

வேர் தெரியாமல் பொருள் தெரியாது. தமிழ்நாட்டில் பெண்பெயர்கள் பல ஊற்றுகளிலிருந்து வருகின்றன. உங்கள் மனம் எந்த ஊற்றின் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால், ஆயிரம் பெயர்ப் பட்டியல் தானாகவே முப்பதாகக் குறையும்.

*சங்கமும் காப்பியமும்.* சங்கப் பாடல்களை எழுதியவர்களில் பெண்கள் உண்டு: ஔவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஆதிமந்தியார். நச்செள்ளை, நப்பின்னை, நப்பசலை ஆகியவற்றின் முன்னுள்ள ‘ந’ நன்மையைக் குறிக்கும் பழைய அடைமொழி. இன்று யாரும் தொடாத இந்த வரிசையில் நல்ல பெயர்கள் காத்திருக்கின்றன. காப்பியங்களிலிருந்து கண்ணகி, மாதவி, மணிமேகலை, ஆதிரை. சோழர் வரலாற்றிலிருந்து செம்பியன் மாதேவி, குந்தவை. கல்கி 1950-இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ குந்தவையை வீட்டுப் பெயராக்கியது. ராஜராஜனின் அக்காள் குந்தவை கோயிலுக்கு அளித்த கொடைகளைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதே நாவலின் நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை. இரு வகையும் நல்ல பெயர்களே. மகள் கேட்கும்போது எது வரலாறு, எது கதை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*கோயில்.* அம்மன் பெயர்களில் தமிழும் வடமொழியும் இணையாக நிற்கும். மதுரையில் மீனாட்சி, அங்கயற்கண்ணி இரண்டும் ஒரே அழகைச் சொல்பவை. திருச்சி மலைக்கோட்டையில் மட்டுவார்குழலி, வைத்தீஸ்வரன் கோயிலில் தையல்நாயகி, தஞ்சையில் பெரியநாயகி, திருக்கடவூரில் அபிராமி, திருவொற்றியூரில் வடிவுடையம்மன், திருமறைக்காட்டில் யாழைப் பழித்த மொழியாள். உங்கள் ஊர் அம்மனின் தமிழ்ப் பெயரைக் கோயிலில் கேளுங்கள். அதிலிருந்து குழலி, வடிவு, மொழி, கயல் என்று இன்றைக்கு ஏற்ற சிறு பெயர் ஒன்றை எடுக்கலாம். வைணவ மரபில் கோதை, ஆண்டாள், அலமேலு. அலமேலு என்பது ‘அலர்மேல் மங்கை’, அதாவது மலர்மேல் இருப்பவள் என்ற தமிழ்ப் பெயரின் மரூஉ. பாட்டியின் பழைய பெயர் என்று ஒதுக்கும் முன் இப்படி ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

*குலதெய்வமும் முன்னோரும்.* பேச்சி, இசக்கி, மாரி, காத்தாயி போன்றவை குடும்பத்தின் மண்ணோடு பிணைந்தவை. செட்டிநாட்டில் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் இன்றும் வலுவாக இருக்கிறது. அதனால்தான் உமையாள், மீனாள், வள்ளியம்மை, விசாலாட்சி தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. பாட்டியின் பெயர் பள்ளியில் கேலிக்கு ஆளாகுமோ என்ற அச்சம் இருந்தால், அதை அப்படியே பதிவுப் பெயராக்கி அதிலிருந்து ஒரு சுருக்கப் பெயரை அழைக்க வைத்துக்கொள்ளலாம்.

*தமிழியக்கம்.* மறைமலை அடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் திராவிட இயக்கமும் பெண்பெயர்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. தமிழரசி, தமிழ்ச்செல்வி, தேன்மொழி, கனிமொழி, கயல்விழி, மலர்விழி, பூங்கொடி, எழிலரசி என ஒரு தலைமுறையே தமிழில் பெயர் பெற்றது. சாதியோ மதமோ தெரியாத பெயர் வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இந்த வரிசை இன்றும் நல்ல புகலிடம்.

*கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள்.* வேளாங்கண்ணியின் ஆரோக்கிய மாதாவால் ஆரோக்கியமேரி, சகாய மாதாவால் சகாயமேரி, பிரான்சிலுள்ள திருத்தலத்தால் லூர்துமேரி. ரூத், எஸ்தர் விவிலியத்திலிருந்து வருபவை. மார்கரெட் கிரேக்க மூலத்தில் முத்து; சோபியா ஞானம். அரபு மூலத்தில் ஆயிஷா வாழ்பவள், நூர் ஒளி, ஜமீலா அழகி. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இவற்றோடு முத்து, நாச்சியார், பீவி, அம்மாள் என்று சேர்த்துத் தமக்கே உரிய பெயர்களை ஆக்கிக்கொண்டன. பாத்திமுத்து அப்படி ஒன்று. பாட்டிகளின் பெயர்களில் இந்தக் கலப்பு நிறைய கிடைக்கும்.

*இயற்கையும் இசையும்.* மரபு எதையும் சாராத பொதுப் பெயர் தேடுபவர்களுக்கு: ஆறுகளில் காவேரி, பொன்னி, வைகை, பொருநை, பூக்களில் முல்லை, குறிஞ்சி, வாகை, தாமரை, விண்மீன்களில் ஆதிரை, ரோகிணி, ரேவதி, ராகங்களில் கல்யாணி, ரஞ்சனி, சஹானா, தாலாட்டுக்கு உகந்தது என்று சொல்லப்படும் நீலாம்பரி.

*புதிதாகக் கட்டியவை.* யாழினி, மகிழினி, கவிநயா போன்ற பெயர்கள் பழைய நூல்களில் இல்லை; நம் காலத்தில் தமிழ்ச் சொற்களைக் கொண்டு கட்டியவை. மொழி உயிரோடு இருந்தால் புதுப் பெயர் பிறக்கத்தான் செய்யும். கட்டிய சொல்லுக்கு அடிச்சொல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அம்மா பெயரில் ஓரெழுத்து, அப்பா பெயரில் ஓரெழுத்து, கடைசியில் ‘ஷிகா’ என்று ஒட்டினால் கேட்க இனிமையாக இருக்கலாம். மகள் பொருள் கேட்கும் நாளில் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

பொருள்: அவளிடம் சொல்லக்கூடியதா

*சரிபாருங்கள்.* பெயர்ப் பட்டியல்களில் பாதிப் பெயர்களுக்கு ‘அழகானவள்’, ‘லட்சுமியின் வேறு பெயர்’ என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பெயரைப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியையும் அகராதியில் தேடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் நூலகங்களிலும் இணையத்திலும் கிடைக்கிறது. இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. வடமொழி, அரபுப் பெயர்களுக்கு அந்த மொழி படித்த ஒருவரைக் கேட்பதே நல்லது. ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறும் இடம் இது.

*கதையைப் பாருங்கள்.* பெயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தால் அதையும் சேர்த்தே கொடுக்கிறோம். கண்ணகியின் துயரத்தை நினைத்து அந்தப் பெயரைத் தவிர்த்த குடும்பங்கள் உண்டு. அரசனை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டவள் என்பதற்காகவே விரும்பி வைத்தவர்களும் உண்டு. இரண்டுமே கதையை அறிந்து எடுத்த முடிவுகள். மணிமேகலையின் பெயர் வந்த விதம் ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டியது. கடலில் தத்தளித்த தன் முன்னோன் ஒருவனைக் காத்த கடல் தெய்வத்தை நன்றியோடு நினைத்து, கோவலன் தன் மகளுக்கு அந்தத் தெய்வத்தின் பெயரை இட்டான் என்கிறது சிலப்பதிகாரம். உங்கள் குடும்பத்திலும் இப்படி நன்றி சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கலாம். பிரசவத்தின்போது உடனிருந்த பெரியம்மாவாகவோ, படிக்கவைத்த ஆசிரியையாகவோ இருக்கலாம்.

*எதைப் புகழ்கிறோம்?* பெண்பெயர்களில் கண், கூந்தல், சொல்லின் இனிமை, கொடிபோன்ற உடல் ஆகியவற்றைப் பாடும் பெயர்கள் மிகுதி. ஆண்பெயர்களில் அறிவும் வெற்றியும் வேந்தும் மிகுதி. கயல்விழியை நான் குறை சொல்லவில்லை. அழகை அழகென்று சொல்வதில் பிழையில்லை. அதோடு நிற்க வேண்டியதில்லை என்றே சொல்கிறேன். வாகை வெற்றிக்குச் சூடிய பூ. அருள்மொழி, அறிவுக்கொடி, வெற்றிச்செல்வி, தமிழரசி என்று அவள் செய்யப்போவதைச் சொல்லும் பெயர்களும் பட்டியலில் இருக்கட்டும். அறுபது வயதில் ஒரு மருத்துவராகவோ நீதிபதியாகவோ அவள் நாற்காலியின் முன் வைத்த பலகையிலும் அந்தப் பெயர் பொருந்த வேண்டும்.

*வைக்கவே கூடாத பெயர்.* அடுத்து ஆண் பிறக்க வேண்டும் என்று ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ என்று பெண்களுக்குப் பெயரிட்ட ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. அந்தப் பெயரோடு பள்ளிக்குப் போன ஒவ்வொரு சிறுமியும், தன்னை வீடு விரும்பவில்லை என்பதை நாள்தோறும் தன் வாயாலேயே சொல்ல நேர்ந்தது. பெரியவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதற்கு இணங்காதீர்கள். ஏற்கெனவே அப்படிப் பெயரிட்ட குழந்தை உறவில் இருந்தால், அரசிதழ் வழியே பெயர் மாற்ற உதவுங்கள்.

நட்சத்திர எழுத்தும் எண்கணிதமும்

27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துகள் வகுத்திருக்கிறார்கள். ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. மகத்துக்கு ம, மி, மு, மெ. இவற்றில் பெயர் தேடுவது எளிது. திருவாதிரைக்குரிய ஙகரத்திலும் அஸ்தத்துக்குரிய ணகரத்திலும் தமிழ்ப் பெயர் தொடங்காது. உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அதே நட்சத்திரத்தின் வேறு பாத எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். அல்லது காதில் ஓத ஒரு நட்சத்திரப் பெயரும், பதிவுக்கு விரும்பிய பெயரும் வைக்கலாம். பல வீடுகளில் இது பழைய வழக்கமே.

எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைப்பதில் எச்சரிக்கை தேவை. தேவையில்லாமல் இரட்டிக்கும் ஓர் எழுத்தால் ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் மூன்று விதமாகப் பதிவாகும் வாய்ப்பு கூடுகிறது. அந்த அலைச்சல் முழுவதும் பிற்காலத்தில் அவள் தலையில் விழும்.

மூன்று பெயர்கள், ஒரு சோதனை

*ஆதிரை.* ஒலி: மூன்று எழுத்து, கிரந்தம் இல்லை, ழகரம் இல்லை, தமிழில் எவரும் பிழையின்றிப் படிப்பார்கள். வேர்: திருவாதிரை விண்மீன், மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள். பொருள்: பசித்தவர்க்கு முதலில் உணவளித்த கை. கவனிக்க: ஆங்கிலத்தில் முதல் எழுத்தை ஒற்றையாக எழுதுவதா, இரட்டையாகவா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

*யாழினி.* ஒலி: இனிமை, ழகரத்துக்குப் பயிற்சி வேண்டும். வேர்: புதிது, ஆனால் யாழ் என்ற அடிச்சொல் உறுதியானது. பொருள்: பழந்தமிழரின் நரம்புக் கருவியோடு சேர்ந்த இசை. கவனிக்க: வகுப்பில் இன்னும் இரண்டு யாழினிகள் இருக்கலாம்.

*தாரா.* ஒலி: குறுகியது, எந்த நாட்டிலும் சொல்லக்கூடியது. வெளிநாட்டில் வளரப்போகும் குழந்தைக்கு ஏற்றது. வேர்: வடமொழியில் விண்மீன், பௌத்தத்தில் ஒரு பெண் தெய்வம். கவனிக்க: தமிழ் எழுத்தில் இரு விதமாகப் படிக்கலாம், ஒரு விதத்தில் விண்மீன், இன்னொரு விதத்தில் நீர்த்தாரை. எது என்று உறவினருக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முடிவெடுக்கும் வாரம்

1. அம்மாவும் அப்பாவும் தனித்தனியே ஐந்து பெயர்கள் எழுதுங்கள். பெரியவர்களிடமும் ஆளுக்கு இரண்டு கேளுங்கள்.
2. வேர் தெரியாதவற்றை நீக்குங்கள். மிஞ்சியவற்றின் பொருளை அகராதியில் பாருங்கள்.
3. மூன்றைத் தேர்ந்து, ஒரு வாரம் மாற்றி மாற்றி அந்தப் பெயர்களாலேயே குழந்தையைக் கூப்பிடுங்கள்.
4. முன்னெழுத்தோடும் முழுப் பெயரோடும் எழுதிப் பாருங்கள்.
5. அறிமுகமில்லாத ஒருவரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கச் சொல்லுங்கள்.
6. கருத்து வேறுபட்டால், பத்து மாதம் சுமந்தவளின் சொல்லுக்கு முதலிடம் கொடுங்கள்.
7. தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரே தாளில் எழுதிப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, ஆதார் முதல் பள்ளிப் படிவம் வரை அதையே பயன்படுத்துங்கள்.
8. இந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், யார் சொன்னது, அதன் பொருள் என்ன என்பதை அரைப் பக்கம் எழுதித் தேதியிட்டுச் சான்றிதழோடு வையுங்கள். ‘எனக்கு ஏன் இந்தப் பெயர்?’ என்று எல்லாக் குழந்தைகளும் ஒருநாள் கேட்பார்கள். அதற்கு உங்களிடம் உண்மையான பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை இன்றே எழுத முடிகிற பெயரைத் தயங்காமல் வையுங்கள்.